தென்னங்குற்றியும் திராட்டில் கேபிளும்

கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கம், சாய்ந்தமருதுக் கரையில் படகொன்றை மேலே ஏற்றும்போது, திரும்பிப் போகும் அலை அதையும் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கும். பழகிய கை அந்த இழுவையோடு மல்லுக்கு நிற்பதில்லை. பக்கத்தில் நட்டிருக்கும் தென்னங்குற்றியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும். படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

இங்கே வேலையைச் செய்வது கயிறு குற்றியைத் தழுவியிருக்கும் கோணம். 18ஆம் நூற்றாண்டில் லியோனார்ட் ஆய்லர் என்ற கணித மேதை இதைச் சமன்பாடாக எழுதினார். ஒவ்வொரு சுற்றிலும் பிடி கூடுகிறது. அதுவும் கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில். கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வெண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுப் போட்டால், கையில் பிடிக்கும் ஒரு கிலோ ஏறத்தாழ ஆறரைக் கிலோ இழுவையைத் தாங்கும். இரண்டாவது சுற்று அந்த ஆறரையை மறுபடி ஆறரையால் பெருக்கி 43 கிலோ ஆக்கும். மூன்றாவது சுற்றில் 285 கிலோ. குற்றி பருத்ததா மெலிந்ததா என்பது இந்தக் கணக்கில் வருவதேயில்லை.

கரையில் இந்த விதி மீனவருக்குக் கூட்டாளி. அதே விதி படகுக்குள் ஏறி, எஞ்சினுக்குப் போகும் கேபிளுக்குள் ஒளிந்துகொண்டால் அவருக்கு எதிரி. பழைய மோட்டார் படகொன்றைப் புதுப்பிக்க இறங்குகிறவர் முதலில் பலகையைப் பற்றியும் பெயின்றைப் பற்றியும் யோசிப்பார். பிறகு எஞ்சினைப் பற்றி. எஞ்சினை ஆளும் நெம்பு என்ன வகை, எங்கே வரவேண்டும், அதன் கேபிள் எந்த வழியாகப் போகவேண்டும் என்பதெல்லாம் மிஞ்சிய இடத்தில், மிஞ்சிய காசில், கடைசி நாளில் முடிவாகும். கடலுக்குப் போன பிறகு கை ஓயாமல் தொடப்போவதோ அந்த நெம்பைத்தான்.

கல்முனைக் கடலைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. மருதமுனை தொடங்கி நிந்தவூர் தாண்டியும் நூல் பிடித்தாற்போல் ஓடும் மணற்கரை இது. ஒதுங்க ஒரு குடா கிடையாது. வங்காள விரிகுடாவின் அலை நேரே வந்து காலடியில் உடைகிறது. டென்மார்க்கின் கடனுதவியோடு ஒலுவிலில் கட்டிய துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புகள் கரையோரமாக நகரும் மணலைக் குறுக்கே மறித்தன. வாயிலில் மணல் சேர்ந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை கரைந்தது. ஆகவே இந்த ஊர்களின் ஃபைபர் படகுகள் பலவற்றுக்குக் கரையே துறைமுகம். ஒவ்வொரு பயணமும் அலை உடையும் வரிசையைத் தாண்டித்தான் தொடங்குகிறது, முடிகிறது.

ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம் மட்டும்தான். ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வந்துவிடும். ஒன்றரை மீற்றர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் ஓடும். ஒரு மீற்றருக்கு வந்ததும் 11 ஆகத் தளரும். கரைக்கு வருகிற படகோட்டி ஓர் அலையின் முதுகில் ஏறி, அதன் உச்சியை முந்திவிடாமல், பின்னால் வருகிற அலையிடமும் பிடிபடாமல் வரவேண்டும். முந்தினால் மூக்கு பள்ளத்தில் குத்திப் படகு குறுக்கே திரும்பும். பிந்தினால் பின்னலை பின்பலகைக்கு மேலால் ஏறிவிடும். அலை வேகம் குறையக் குறைய அவரும் குறைக்கவேண்டும், கடைசி நொடியில் எஞ்சினை நிறுத்தித் தூக்கவும் வேண்டும். எல்லாம் சில பத்து நொடிகளில் முடிந்துவிடும் வேலை. அந்த நேரத்தில் திராட்டிலைத் தேடிக் கண் கீழே இறங்கக் கூடாது. திராட்டில் என்றால் கரையில் ‘ரேஸ்’ என்று சொல்கிறார்களே, அது.

எஞ்சினும் சுக்கானும் ஆரம்பத்தில் இரண்டு பேருடைய வேலையாக இருந்தன. நீராவிப் படகில் சுக்கான் பிடிப்பவர் ஒருவர், எஞ்சின் பக்கத்தில் கரியும் எண்ணெயுமாக நிற்பவர் இன்னொருவர். இவர் மணியடிப்பார், அவர் நெம்பை நகர்த்துவார். பெரிய கப்பல்களில் அந்த மணியே வட்ட முகம் கொண்ட ‘டெலிகிராப்’ கருவியானது. மேல்தளத்தில் ‘அரை வேகம், முன்னுக்கு’ என்று கைப்பிடியைத் திருப்பினால் கீழே எஞ்சின் அறையில் முள் அதே இடத்தில் வந்து நிற்கும். கட்டளைக்கும் செயலுக்கும் நடுவே எப்போதும் ஒரு மனிதர் இருந்தார். அவர் கேட்டு, புரிந்து, செய்வதற்கு ஆகும் நொடிகளும் இருந்தன.

அந்த நடு ஆளை வேலையிலிருந்து அனுப்பியவர்களில் ஒருவர் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கழற்றக்கூடிய எஞ்சின் படகின் பின்பலகையில் தொங்கியது. சுக்கானும் எஞ்சினும் ஒரே பொருளாகிவிட்டன. பின்னாளில் அதன் கைப்பிடியின் நுனியையே முறுக்கி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் வந்தது. இன்று கல்முனைக் கரையில் வரிசையாகக் கவிழ்ந்தும் சாய்ந்தும் கிடக்கும் ஃபைபர் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் எல்லாம் அந்த வம்சத்துப் பேரப்பிள்ளைகள். திசையும் வேகமும் ஒரே கைக்குள். சிறு படகுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

எஞ்சின் படகுக்குள்ளே இருந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. பொழுதுபோக்கு மோட்டார் படகுகளுக்குப் பெயர்போன அமெரிக்க நிறுவனமான கிறிஸ்-கிராஃப்ட், காரின் வழியிலேயே போனது. 1908இல் வந்த ஃபோர்ட் டி மாடல் காரில் திராட்டில் நெம்பும் தீப்பொறி நேரத்தை மாற்றும் நெம்பும் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தன. கிறிஸ்-கிராஃப்டின் பழைய மகோகனிப் படகுகள் பலவற்றிலும் திராட்டில் நெம்பு ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் இருக்கும். கியர் நெம்பு தரையிலிருந்து தனியாக எழும்பி நிற்கும். இன்று அத்தகைய படகைப் புதுப்பிப்பவருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. கறுப்புப் பிளாஸ்டிக் மூடி போட்ட நவீன நெம்பை அந்தப் பளபளக்கும் மரத்தில் பூட்டினால், கலியாண வீட்டில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை போல இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் மேலே பழைய நெம்பையே வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் கீழே புதிய கேபிளை இணைத்துவிடுகிறார்கள்.

நம் கடலுக்கு மகோகனிப் படகு வரவில்லை. வந்தது உழைக்கிற படகு. 1950களில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பின் நிபுணர்களும் அன்றைய இலங்கை அரசும் பாய்க்கும் துடுப்புக்கும் பதிலாக எஞ்சினைக் கொண்டுவர முனைந்தபோது, அந்தப் பத்தாண்டின் இறுதியில் 28 அடி நீளமான, உள்ளே டீசல் எஞ்சின் பொருத்திய படகு அறிமுகமானது. மூன்றரைத் தொன் படகு என்று பெயர். பின்னர் கண்ணாடியிழை வந்து மரத்தின் இடத்தைப் பிடித்தது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இலங்கையிலேயே அதிக உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அதில் சிதைந்தன. கரையில் கிடந்த பழைய படகுகளும் அத்தோடு போயின. இன்று பழைய மரப்படகு ஒன்று எங்கேனும் வளவொன்றில் ஓலைக்குக் கீழே மிஞ்சியிருந்தால் அது அதிசயம்தான்.

அப்படி ஒன்று மிஞ்சியிருப்பதாகவே வைத்துக்கொள்வோம். 28 அடி நீளம், பலகை பாதி நல்லது, எஞ்சின் இருந்த இடம் வெறுமை. உடைமைக்காரர் முப்பது வருடம் வெளியிணைப்பு எஞ்சினோடு கடலுக்குப் போனவர். இப்போது வாப்பாவின் படகை மறுபடி ஓட விடவேண்டும் என்று ஆசை. புது டீசல் எஞ்சின் வாங்கியாயிற்று. இனி நெம்பு.

முதல் கேள்வி: நெம்பு ஒன்றா, இரண்டா?

இரட்டை நெம்பு பழைய வழக்கம். ஒன்று கியருக்கு: முன், நடு, பின். மற்றது திராட்டிலுக்கு. ஒற்றை நெம்பு இரண்டையும் ஒரே அசைவில் அடக்குகிறது. நிமிர்ந்து நின்றால் நியூட்ரல். கொஞ்சம் முன்னே தள்ளினால் முன் கியர் விழும். மேலும் தள்ளினால் வேகம் ஏறும். பின்னே இழுத்தாலும் அப்படியே. அமெரிக்காவின் மோர்ஸ் நிறுவனம் இதைப் பரப்பிய பரப்பில், அந்தப் பெயரே படகோட்டிகளிடம் பொதுச்சொல்லாகிவிட்டது.

ஒற்றை நெம்பின் பெரிய அருமை அது செய்ய விடாத ஒரு காரியத்தில் இருக்கிறது. எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்போது கியரை மாற்ற அது அனுமதிக்காது. முன்னிலிருந்து பின்னுக்குப் போகவேண்டுமென்றால் வழியில் வேகம் இறங்கித்தான் ஆகவேண்டும். இரட்டை நெம்பில் அந்தக் காவல் இல்லை. பதறிய கை திராட்டிலைக் குறைக்காமல் கியரை இழுத்துவிட்டால், கியர் பெட்டிக்குள் நடப்பதைக் காதால் கேட்கலாம். செலவைப் பிறகு கடையில் கேட்கலாம். வெளியிணைப்பு எஞ்சின்களில் கியர் என்பது பல் வைத்த இரண்டு உருளைகள் ஒன்றையொன்று கவ்வுவதுதான். மெதுவாக, தயங்கித் தயங்கிப் போட்டாலும் அந்தப் பற்கள் உரசித் தேயும். குறைந்த வேகத்தில், தயங்காமல், ஒரே தள்ளாகப் போடவேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது விளங்க நாளெடுக்கும். மெதுவாகப் போடுவதுதான் மரியாதை என்று நினைப்பார்கள்.

உள்ளிணைப்பு எஞ்சினின் எண்ணெய் அழுத்தக் கியர் பெட்டிக்கு வேறொரு குணம். அதன் கைநெம்பு மூன்று குழிகளில் ஒன்றில் சரியாக விழவேண்டும். குழிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் சிறு உருண்டையும் அதைப் பிடித்துக்கொள்ளும். கேபிளின் நீளம் ஓரிரு மில்லிமீற்றர் பிசகி, நெம்பு குழியின் விளிம்பில் நின்றுவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. படகும் ஓடும். உள்ளே கிளச்சுத் தகடுகள் அரைகுறையாகக் கவ்விக்கொண்டு வழுக்கும், சூடேறும், கருகும். பழைய படகுகளில் பரவலாகக் காணப்படும் போர்க்-வார்னரின் ‘வெல்வெட் டிரைவ்’ கியர் பெட்டிக்கு, அந்தச் சிறு உருண்டையையோ ஸ்பிரிங்கையோ நிரந்தரமாகக் கழற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று தயாரிப்பாளரே எழுதிவைத்திருந்தார். நெம்பு இறுக்கமாக இருக்கிறதென்று அதைக் கழற்றி எறிந்த புத்திசாலிகள் இருந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அப்படி ஒரு வரி எதற்கு?

நம் 28 அடிப் படகுக்கு ஒற்றை நெம்பே நல்லது. வாப்பா, மகன், மச்சான் என்று பல கைகள் மாறி மாறி ஓட்டப்போகும் படகு இது. எல்லோருக்கும் ஒரே ஒழுங்கைத் தானே சொல்லிக்கொடுக்கும் கருவி தேவை. ஒரே ஆள் வைத்துக் கொஞ்சும் அழகுப் படகுக்கு இரட்டை நெம்பு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இரண்டு நெம்புக்கும் ஒரே மாதிரிக் குமிழ் போடக் கூடாது. திராட்டிலுக்குச் சிவப்பு, கியருக்குக் கறுப்பு என்பது பரவலான வழக்கம். நிறம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு போர்க்காலக் கதை இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிற்றால் விழுந்துகொண்டிருந்தன. விமானிகள் இறக்கை மடிப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் வந்து பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சக்கரத்தின் விசையில் சின்னதாக ஒரு ரப்பர் சக்கரத்தையும், இறக்கை மடிப்பின் விசையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தச் சொன்னார். கண் பார்க்காமலே விரலுக்கு வித்தியாசம் தெரிந்தது, தவறு நின்றது. இருட்டில் வலை இழுத்துவிட்டு மீன் செதில் ஒட்டிய கையால் நெம்பைத் தேடுகிறவருக்கும் இதேதான் வேண்டும். ஒன்று உருண்டை, மற்றது தட்டை. நிறம் விடிந்த பிறகுதான் உதவும்.

இரண்டாவது கேள்வி, எங்கே.

கார்ட்போட் அட்டையில் நெம்பின் அளவுக்கு ஒன்று வெட்டி, ஆணியில் குத்தி, படகின் உள்ளே நாலைந்து இடங்களில் வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. உட்கார்ந்து பார்க்கவேண்டும், நின்று பார்க்கவேண்டும், மழைக்கோட்டுப் போட்டுப் பார்க்கவேண்டும். முழுதாக முன்னே தள்ளினால் விரல்முட்டி சக்கரத்தில் இடிக்கிறதா? முழுதாகப் பின்னே இழுத்தால் முழங்கை பலகையில் மோதுகிறதா? பெரும்பாலான நெம்புகள் நேராக நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். முழு வீச்சில்தான் சண்டை தொடங்கும்.

படகு அலையில் தொப்பென்று விழும்போது அதன் வேகம் சட்டென்று குறைகிறது. உடம்பு முன்னே போகிறது. நெம்பில் இருக்கும் கையும் அதோடு போய் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. கூடிய வேகத்தில் அடுத்த அடி இன்னும் பலமாக விழும். இந்தச் சங்கிலியை அறுக்க இரண்டு வழிகள். நெம்பின் அடியிலுள்ள உராய்வுத் திருகாணியைக் கொஞ்சம் இறுக்கலாம். கை பலகையில் ஊன்றி, விரல் மட்டும் நெம்பில் இருக்கும்படி உயரத்தை அமைக்கலாம். இரண்டாவது நல்லது. முதலாவதை அதிகமாகச் செய்தால் அலைக்குள் வேகத்தைக் குறைக்க மூச்சுப் பிடிக்கவேண்டி வரும்.

இத்தாலிய, அமெரிக்கக் கையேடுகளில் கிடைக்காத ஒரு பிரச்சினை நமக்கு உண்டு: வலை. நெம்பு படகின் உள்பக்கச் சுவரிலிருந்து கொம்பு போலத் துருத்தி நின்றால், இழுத்துப் போடும் வலையின் கண்ணி அதில் மாட்டும். நெம்பு முன்னே போகும், கியர் விழும், நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறி சுழலும். வலையின் மீதி இன்னும் தண்ணீரில் இருக்கும். ஆகவே வலை ஏறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நெம்பு இருக்கவேண்டும். நியூட்ரலில் பூட்டிக்கொள்ளும் வகையை, குமிழின் அடியிலுள்ள பொத்தானைத் தூக்கினால்தான் அசையும் வகையை, வாங்கவேண்டும். கொஞ்சம் விலை கூடும். ஒரு வலையின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

இடத்தைப் போலவே திசையும் கையைக் குழப்பும். எந்தப் பக்கம் தள்ளினால் எந்தப் பக்கம் போகும் என்பதில் மனிதர்கள் எவ்வளவு காலம் குழம்பியிருக்கிறார்கள் என்பதற்குக் கப்பல் வரலாறே சாட்சி. 1912இல் டைட்டானிக் பனிமலையைக் கண்டபோது கொடுத்த கட்டளை ‘வலப்பக்கம்’. கப்பல் திரும்பியது இடப்பக்கம். தவறு ஒன்றும் நடக்கவில்லை. சுக்கான் கட்டை வலப்பக்கம் போனால் கப்பல் இடப்பக்கம் திரும்பும் என்ற பழைய வழக்கப்படிதான் அக்காலத்தில் கட்டளை கொடுப்பார்கள். 1930களில்தான் அது கைவிடப்பட்டது. வெளியிணைப்பு எஞ்சின் ஓட்டும் நம்மவர் கை இன்னும் அந்தப் பழைய உலகத்தில்தான் இருக்கிறது: கைப்பிடியை வலப்பக்கம் தள்ளு, படகு இடப்பக்கம் திரும்பும்.

மூன்றாவது கேள்வி, கேபிள் எந்த வழியாக? இங்கே தென்னங்குற்றி திரும்பி வருகிறது.

பழைய படகுகளில் நெம்பிலிருந்து எஞ்சினுக்கு இரும்புக் கம்பிகளும் மூட்டுகளும் போகும். கம்பி நீளாது, சுருங்காது. அந்தக் காலத்து எஞ்சினும் மரத்தில் இறுக்கி முறுக்கப்பட்டு அசையாமல் இருந்தது. புது டீசல் எஞ்சின் ரப்பர் காலில் நிற்கிறது, நின்ற இடத்தில் ஆடுகிறது. அதோடு விறைத்த கம்பியைப் பூட்டினால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் திராட்டில் தானாகவே திறந்து மூடும். வளைந்து கொடுக்கும் கேபிள்தான் இங்கே பொருந்தும். அதன் மூதாதை எர்னஸ்ட் பௌடன் 1896இல் காப்புரிமை பெற்ற கேபிள். இன்றும் சைக்கிள் பிரேக்கில் இருப்பது அதுதான். பௌடன் கேபிளுக்கு இழுக்க மட்டுமே தெரியும், திரும்பி வர ஸ்பிரிங் வேண்டும். படகின் கியருக்குத் தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதனால் படகுக் கேபிளின் உட்கம்பி விறைப்பானது, வழுக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று அங்குலம் முன்னும் பின்னும் ஓடுவது.

இந்தக் கேபிள் வளையும் ஒவ்வோர் இடமும் ஒரு சிறு தென்னங்குற்றி. உட்கம்பி உறையின் வளைவைத் தழுவிக்கொண்டு போகும்போது ஆய்லரின் பெருக்கல் கணக்கு ஓடுகிறது. உராய்வெண் 0.15 என்று எடுத்தால், ஒரு செங்கோண வளைவு இழுவையை 1.27 மடங்காக்கும். இரண்டு செங்கோணம் 1.6, மூன்று 2, நான்கு 2.6 மடங்கு. நம் படகில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் பக்கப் பலகைக்குள் இறங்கி, பின்னால் போய், எஞ்சினைச் சுற்றிக்கொண்டு வருவது: நான்கு செங்கோணம். இன்னொன்று, தளத்துக்கு அடியில் சரிந்து இறங்கி நேரே எஞ்சினின் முகத்துக்கு வருவது: மொத்தம் 180 பாகை. எஞ்சினின் திராட்டில் ஸ்பிரிங்கை அசைக்க இரண்டு கிலோ விசை தேவையென்றால், முதல் வழியில் கேபிளை ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்கவேண்டும். இரண்டாவதில் மூன்று கிலோ சொச்சம். விசையோடு விஷயம் முடிவதில்லை. உராய்வு கூடக் கூட, நெம்பு அசைந்தும் எஞ்சின் அசையாத ஒரு செத்த இடைவெளி வளர்கிறது. மூன்று அங்குல ஓட்டத்தில் அரை அங்குலம் அப்படிப் போனால், ஆறில் ஒரு பங்கு கட்டுப்பாடு காற்றில் போயிற்று. அலையின் முதுகில் வந்துகொண்டிருப்பவர் அதைத்தான் நெம்பில் உணர்வார்: தள்ளினேன், ஒன்றும் இல்லை, இன்னும் தள்ளினேன், பாய்ந்துவிட்டது.

தென்னங்குற்றியின் பருமன் கணக்கில் வராது என்று மேலே சொன்னதற்கு இங்கே ஒரு திருத்தம் வேண்டும். கயிறு வளையச் சம்மதிக்கும். விறைப்பான கம்பி முரண்டு பிடிக்கும். ஆகவே கேபிளை 20 சென்ரிமீற்றர் ஆரத்துக்குக் குறைவாக மடிக்கக் கூடாது. புகைபோக்கியின் சூட்டுக்குப் பக்கத்தில் விடக் கூடாது. உறை ஓரிடத்தில் வீங்கினாலோ, நுனியில் வெள்ளைப் பூச்சு போல உப்புப் படிந்தாலோ, எண்ணெய் ஊற்றிச் சமாளிக்க நினைக்காமல் மாற்றிவிடவேண்டும். மாற்றும்போது கியர்க் கேபிள், திராட்டில் கேபிள் இரண்டையும் மாற்றவேண்டும்; ஒரே உப்பைக் குடித்து வளர்ந்தவை அவை.

எஞ்சின் ஆடுவதோடு நில்லாமல் மொத்தமாகவே சாயும் ஒரு படகுத் திட்டமும் இந்தக் கடலில் நடந்திருக்கிறது. 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகமில்லாத கரைகளுக்கென்றே படகுகளை உருவாக்கி இந்தியாவின் கிழக்குக் கரையிலும் இலங்கையிலும் சோதித்தது. நோர்வேயின் படகு வடிவமைப்பாளர் ஓய்வின்ட் குல்பிரான்ட்சன் அதில் முக்கியமானவர். டீசல் எஞ்சினையும் தண்டையும் விசிறியையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தையே அச்சில் தொங்கவிட்டார்கள். கரை வந்ததும் மொத்தமாகச் சாய்த்தால் விசிறி மேலே ஏறிக்கொள்ளும். டீசலின் சிக்கனம், வெளியிணைப்பு எஞ்சினின் சுதந்திரம், இரண்டும் ஒரே படகில்.

சிக்கனம் என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் ஒரு தேதி உண்டு. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலாகத் தாவியது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்காரர்களுக்கு அன்றிலிருந்து கணக்குப் பார்க்காமல் திராட்டிலைத் திருப்ப முடியாது போயிற்று. குல்பிரான்ட்சன் 1986லேயே சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றித் தனியாக ஓர் அறிக்கை எழுதியிருந்தார். அடிப்படைக் கணக்கு எளிது: விசிறியைச் சுழற்றத் தேவையான சக்தி சுழற்சி வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். சுழற்சியை 80 வீதமாகக் குறைத்தால் பாதிச் சக்தி போதும். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் நம் 28 அடிப் படகு, நீர்மட்ட நீளம் 26 அடி என்றால், ஏழு நொட்டுக்குக் கிட்டவே தன் சொந்த அலையில் மாட்டிக்கொள்ளும். அதற்குமேல் நெம்பைத் தள்ளுவது புகையைக் கூட்டும். வேகத்தைக் கூட்டுவது கொஞ்சம்தான். புதுப்பிக்கும்போது நெம்பின் அடித்தட்டில் ஒரு பெயின்ற் கோடு போட்டுவைக்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டும் கைக்குக் காரணம் இருக்கவேண்டும்.

கேபிளே இல்லாமல், மின்கம்பி வழியாகக் கட்டளை போகும் நெம்புகள் இப்போது வந்துவிட்டன. வளைவு, உராய்வு, செத்த இடைவெளி எதுவும் இல்லை. தென்னங்குற்றிக்கு அங்கே வேலையே இல்லை. நகரத்து மரீனாவுக்கு நல்ல பொருள். அலை தெறிக்கும் திறந்த படகில், பற்றரி முனையில் பச்சை பூத்த ஒரு காலைப்பொழுதில், கடல் நடுவே அதைத் திறந்து பார்க்க யாரிடமும் ஸ்பானர் இருக்காது. கேபிள் அறுந்தாலோ எஞ்சின் பெட்டியைத் திறந்து திராட்டிலைக் கையால் பிடித்தாவது கரை சேரலாம்.

பூட்டி முடிந்த பிறகு, படகைத் தண்ணீரில் இறக்குமுன் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெம்பில், ஒருவர் எஞ்சின் குழிக்குள் டோர்ச்சோடு. எஞ்சின் ஓடக் கூடாது.

“காக்கா, நியூட்ரல்ல வைங்க.”

“வெச்சிட்டன்.”

“இப்ப முன்னுக்குத் தள்ளுங்க. மெல்ல... நில்லுங்க, நில்லுங்க. குழியில விழல்ல.”

“இங்க விழுந்த மாதிரித்தான் இரிக்கி, தம்பி.”

“அங்க விழும் காக்கா, இங்க விழல்ல.”

குழிக்குள் இருப்பவர் கேபிள் நுனியின் பூட்டுச் சுரையைத் தளர்த்தி, மூட்டைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி போடுவார். முன்னுக்கு, நடுவுக்கு, பின்னுக்கு. கியர் பெட்டியின் நெம்பு ஒவ்வொரு குழியிலும் ‘டிக்’ என்று விழும் சத்தம் கேட்கும்வரை. பின்னுக்குச் சரியானால் முன்னுக்குப் பிசகும். முன்னுக்குச் சரியானால் நடு நகர்ந்துவிடும். அசருக்குத் தொடங்கினால் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போதும் அந்தச் சுரையே கையில் இருக்கக்கூடும்.

பிறகு கடல். வெளியிணைப்பு எஞ்சினுக்குப் பழகியவர் படகின் வலப்பக்கம் உட்கார்ந்து, பின்னால் கையை நீட்டி, இடக்கையால் கைப்பிடியைப் பிடிப்பதுதான் வழக்கம். முறுக்கியதும் தள்ளியதும் முப்பது வருடமாக அந்தக் கைதான். இப்போது இடக்கை சக்கரத்தில் இருக்கிறது, வேகம் வலக்கைக்கு மாறியிருக்கிறது. முதல் சில நாட்கள் பெரிய அலை ஒன்று தலைதூக்கும் போதெல்லாம் அந்த இடக்கை சக்கரத்தை விட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் இல்லாத ஒரு கைப்பிடியைத் தேடிப் போகும்.